கஞ்சி குடித்த கிடேரி

எனக்குச் சீராக வந்த சாமான்களில் வாய் இருந்தது ஒன்றுக்குத்தான். குத்துவிளக்கும் அண்டாவும் பாய் தலையணையும் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தன. தாமலில் இருந்த என் தாய்மாமன் கொடுத்த செவலைக் கன்று மட்டும், ஐயம்பேட்டையில் என் புகுந்த வீட்டு வாசலை மிதித்ததுமே, பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தை எட்டிய மட்டும் தின்று தீர்த்தது. பெண்ணழைத்து வந்த கூட்டம் முழுக்கச் சிரித்தது. என் மாமனார் மட்டும் சிரிக்கவில்லை.

"உங்க மாமன் குடுத்த மாடு வந்ததும் வராததுமா பந்தலைப் பிரிக்குதும்மா" என்றார். அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அதற்கப்புறமும் அவர் வாயில் அதற்கு வேறு பேரே கிடையாது. தவிடு வைக்கும்போதும், கழுவிவிடும்போதும், கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியதைப் பிடித்து வரும்போதும், அது உங்க மாமன் குடுத்த மாடுதான். நாங்கள் செவலை என்றோம்.

நான் காஞ்சிபுரம் டவுனில் தறி வீட்டில் பிறந்தவள். மாட்டைக் கோயில் வாசலில் பார்த்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன், அதோடு சரி. புகுந்த வீடும் தறி வீடுதான். ஆனால் அங்கே தறியோடு பாலாற்றுப் பக்கம் கொஞ்சம் கழனியும் இருந்தது. தறியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்தார், கழனியை மாமனார் பார்த்துக்கொண்டார், இரண்டு பேரையும் என் அத்தை, அதாவது மாமியார், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு அதட்டினார். தறிக்கு நூல் தார் சுற்றுகிற நேரம் போக மீதி நேரமெல்லாம் எனக்குச் செவலையோடுதான். பிறந்த வீட்டு வாசனையோடு அந்த வீட்டில் இருந்த உயிர் அது ஒன்றுதானே.

அதை வளர்த்ததில் எங்கள் தெரு செய்த காரியம் வேறு எந்த ஊரிலும் நடந்திருக்காது. தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெருவில் நீளமாக இழுத்துக் கட்டி, இழை விறைப்பாக நிற்பதற்காக அரிசிக் கஞ்சி தடவுவார்கள். தெருவில் இன்று ஒருவர் வீட்டுப் பாவு என்றால் நாளை இன்னொருவர் வீட்டுப் பாவு. சட்டியில் கஞ்சி எப்படியும் மிஞ்சும். மிஞ்சியதைக் கீழே கொட்ட யாருக்கும் மனசு வராது. "அந்தக் கன்னுக்குக் குடுமா" என்று எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். கொஞ்ச நாளில், மிஞ்சாவிட்டாலும் வர ஆரம்பித்தது. செவலைக்கென்றே ஒரு பிடி அரிசி கூடப் போட்டுக் காய்ச்சுகிற வீடுகள்கூட இருந்தன. எனக்கு ஒரே பெருமை. அது பெரிய வீட்டுப் பெண் மாதிரி பளபளவென்று வளர்ந்தது. முதுகில் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தடவிய தட்டில் ஊற்றியது போல வழுக்கிக்கொண்டு ஓடும். பின்பக்கம் இரண்டு ஆள் உட்காரலாம். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அது பருவத்துக்கு வந்து முதல் தடவை கத்தியபோது தெருவே கூடி எங்களை வாழ்த்தியது. முசரவாக்கத்தில் ஒருவரிடம் நல்ல பொலிகாளை இருந்தது. மாமனார் அங்கே ஓட்டிக்கொண்டு போய் வந்தார். மூன்று வாரம் போனதும் மறுபடி கத்தியது. சினை நிற்கவில்லை என்று அர்த்தம். சரி, முதல் தடவை அப்படித்தான் என்றார்கள். மறுபடி ஓட்டிப் போனார். மறுபடி கத்தியது. அப்புறம் அதே கதைதான் திரும்பத் திரும்ப. மாமனார் முசரவாக்கம் பாதையில் அந்த மாட்டைப் பிடித்துக்கொண்டு நடந்த நடைக்குக் காசிக்கே போய் வந்திருக்கலாம்.

"இன்னும் ஒருதரம் பார்ப்பேன். நிக்கலைன்னா சந்தையில வுட்டுட்டு வந்துடுவேன். கறக்காத மாட்டுக்குத் தீனி போட என்னால ஆவாது" என்றார். சினை பிடிக்காத மாடு சந்தையிலிருந்து எங்கே போகும் என்பது எல்லோருக்கும் தெரியும். மாமனார் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை. ஒருமுறை தறிக்கட்டையில் தலை இடித்ததற்காக அந்தக் கட்டையையே அறுத்துப்போட்டவர் அவர்.

இந்தச் சமயத்தில்தான் அந்தச் சவரக் கூத்து நடந்தது. ஊர்ப் புளியமரத்தடியில் சவரம் செய்கிறவருக்குக் கை போகிற வேகத்தைவிட வாய் வேகமாகப் போகும். மாமனாருக்கு ஒரு கன்னம் வழித்து முடித்துவிட்டு, "உங்க வூட்டு மாடு மலடுதான்பா, ஒத்துக்குங்க, பேஜாரு வுடும்" என்று சொல்லியிருக்கிறார். மாமனார் சடாரென்று எழுந்துவிட்டார். மீதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு, மேல்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, தெரு நடுவில் விறுவிறுவென்று நடந்து வந்தார். ஒரு பக்கம் மாப்பிள்ளை மாதிரி, ஒரு பக்கம் சாமியார் மாதிரி. நானும் அத்தையும் அடுப்படிக்குள் ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அன்றிலிருந்து அவர் புளியமரத்தடிப் பக்கம் போகவே இல்லை. தாடியும் முடியும் தம் பாட்டுக்கு வளர்ந்தன. கோபக்காரர், வீம்பு பிடித்துக்கொண்டார் என்று ஊரே பேசியது. அந்தச் சவரக்காரர் இரண்டு தரம் வீட்டுக்கே வந்து, "தெரியாம சொல்லிட்டேன், உட்காருங்கபா" என்று கெஞ்சினார். மாமனார் மசியவில்லை.

ஒருநாள் என் வீட்டுக்காரர்தான், "ஒருவாட்டி டவுன் மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டிக்கினு போய்ப் பார்க்கலாம்பா" என்றார். அவருக்கு மாட்டின் மேல் அக்கறையா, டவுனுக்குப் போகும் சாக்கா என்று எனக்கு அப்போது சந்தேகம். தலை நிறைய எண்ணெய் தடவி, முன்னால் அலையலையாகக் கிராப்பு வைத்து, அதைப் பார்க்கக் கண்ணாடி முன்னால் நிற்கிற நேரத்தில் ஒரு முழம் நெய்துவிடலாம். அந்தக் கிராப்பு கலையாமல் மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கூட நானும் போனேன்.

டாக்டர் செவலையின் விலாவில் கை வைத்து அழுத்திப் பார்த்தார். எலும்பு அகப்படவில்லை. இடுப்பில் அழுத்தினார். அங்கேயும் இல்லை.

"இதுக்கு இன்னா குடுக்கறீங்க?" என்றார்.

"தவிடு, வைக்கோல், அப்பால கஞ்சி" என்றேன்.

"எவ்ளோ கஞ்சி?"

நான் தெருக் கணக்கைச் சொன்னேன். யார் வீட்டுச் சட்டி, எந்தக் கிழமை, எவ்வளவு கெட்டி என்று விவரமாகச் சொன்னேன், பாராட்டுவார் என்று நினைத்துக்கொண்டு. அவர் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "பாவுக்குப் போடற கஞ்சியை மாட்டுக்குப் போட்டிருக்கீங்க. கொழுப்பு கட்டிக்கினு இருக்குது. இப்படி இருந்தா சினை எப்படி நிக்கும்? கஞ்சியை நிறுத்துங்க. தினம் நடக்க வைங்க. இளைக்கட்டும். அப்பால சினை ஊசி போடலாம்" என்றார்.

மலடு இல்லை. அந்த ஒரு சொல்லுக்காக அந்த இடத்திலேயே அவர் காலில் விழுந்திருப்பேன், மாட்டைப் பிடித்திருந்ததால் முடியவில்லை.

ஊருக்குத் திரும்பி வீடு வீடாகப் போய், கஞ்சி கொடுக்காதீர்கள் என்று சொல்வதற்குள் எனக்கு வாய் வலித்தது. சிலர் கோபித்துக்கொண்டார்கள். "வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடறியே" என்று எதிர்வீட்டு அம்மா என்னோடு பேச்சையே நிறுத்திவிட்டார். செவலைக்கு அதைவிடக் கோபம். பாவு போடுகிற நாளில் கஞ்சி வாசனை வந்ததும் முளைக்குச்சியைச் சுற்றிச் சுற்றி வந்து, கொட்டகையிலிருந்து எங்களைத் திட்டுவது போலவே கத்தும். நான் தினமும் அதை ஏரிக்கரை வரை நடத்திப் போய் நடத்தி வந்தேன். அது இளைத்ததோ இல்லையோ, நான் இளைத்தேன்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு நான் கண்ணை மூடி ஒரு காரியம் செய்தேன். தாயே, இந்தத் தரம் சினை நின்று இது நல்லபடியாகக் கன்று போட்டால், முதல் கன்றை உனக்கே கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று நேர்ந்துகொண்டேன். கன்று போனாலும் போகட்டும், தாய் தங்கினால் போதும் என்றுதான் அப்போது தோன்றியது. நேர்ந்துகொண்டதை வெளியில் சொன்னால் பலிக்காது என்பார்கள். அதனால் வீட்டுக்காரரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆவணியில் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் காது மாட்டைத் தவிர வேறெதையும் கேட்கவில்லை. மூன்று வாரம் கழித்துச் செவலை கத்தினால் சந்தை, கத்தாவிட்டால் சினை. பசிக்காக ஒரு குரல் கொடுத்தாலும் தறியில் நூலோடு ஓடுகிற நாடா பாதியில் நிற்கும். அத்தை வெற்றிலை மெல்வதை நிறுத்துவார். மாமனார் கயிற்றுக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தாடியைப் பிடித்துக்கொள்வார். "தண்ணிக்குத்தான் கத்துது" என்று நான் கொட்டகையிலிருந்து சொன்னதும் நாடா மறுபடி ஓடும். அப்படியே மூன்று வாரமும் போய், அதற்கு மேலும் போனது. செவலை கத்தவே இல்லை. பொங்கலுக்கு முன்னால் மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப் போனோம். டாக்டர் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "சினைதாம்மா" என்றார். வரும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் சினிமாப் பாட்டாகச் சீட்டியடித்துக்கொண்டே வந்தார். நான் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நடந்தேன், யார் பார்த்தால் என்ன.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் மாதிரி சந்தோஷமான மாதங்களை நான் அதிகம் பார்த்ததில்லை. வயிறு இறங்கியது, மடி வைத்தது, வயிற்றுக்குள் கன்று புரளுவது வெளியிலிருந்தே தெரிந்தது. கை வைத்துப் பார்க்கத் தெருப் பெண்கள் வரிசையில் வந்தார்கள். எதிர்வீட்டு அம்மாவும் வந்து பேசினார். ஆனால் எனக்குள் ஒரு முள் குத்திக்கொண்டே இருந்தது. வயிற்றில் அது உதைக்க உதைக்க, இது என்னிடம் தங்கப் போவதில்லையே என்று வைத்த கையை எடுத்துக்கொள்வேன். இதில் இன்னொரு வேடிக்கையைக் கவனித்தேன். என் வீட்டுக்காரர் நெசவுக்கு நடுவில் எழுந்துபோய் மாட்டுக்கு முன்னால் சும்மா நின்றுவிட்டு வந்தார். அத்தையும் ஒருநாள் அதன் வயிற்றைத் தடவி, "இன்னா பண்றது, எல்லாம் அவன் செயலு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். கன்று வருகிற சந்தோஷத்தில் இவர்களுக்கு ஏன் அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

வைகாசியில் ஒரு காலை. அன்றைக்கு எங்கள் வீட்டுப் பாவு. வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று தெருவில் இழுத்துக் கட்டியிருந்தோம். அக்கம்பக்கத்துக்காரர்கள் இரண்டு பக்கமும் உதவிக்கு நின்றார்கள். நான் கஞ்சிச் சட்டியை ஏந்திக்கொண்டு போக, வீட்டுக்காரர் தடவிக்கொண்டே வர, அத்தை ஒட்டிய இழைகளைப் பிரித்து விட்டுக்கொண்டு வந்தார். கஞ்சி தடவின பிறகு பாவை விட்டு நகரக்கூடாது. நகர்ந்தால் இழை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அத்தனை பட்டும் பாழ்.

மாமனார் கொட்டகைப் பக்கமிருந்து வந்து வாசலில் நின்றார். "தண்ணிக்குடம் உடைஞ்சிடுச்சி" என்றார்.

முதலில் ஓடியது அத்தை. "யம்மா, இழை ஒட்டிக்கும்மா" என்று கத்திய என் வீட்டுக்காரர் அதே மூச்சில் அவர் பின்னால் ஓடினார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "நீயும் போம்மா, பாவை நாங்க பார்த்துக்கறோம்" என்று எதிர்வீட்டு அம்மா என்னைத் தள்ளிவிட்ட பிறகுதான் கால் நகர்ந்தது. கொட்டகைக்குள் போய் நின்ற பிறகுதான் பார்த்தேன், கஞ்சிச் சட்டி என் கையிலேயே இருந்தது.

செவலை படுத்துக்கொண்டிருந்தது. இரண்டு சின்னக் குளம்புகள் வெளியே தெரிந்தன, அவற்றின் மேல் ஒரு மூக்கு நுனி. முக்கி முக்கிக் களைத்துப்போயிருந்த அந்த நிலையிலும் அது மூக்கை விடைத்து முகர்ந்தது. பிறகு தலையைத் தூக்கி, ஒரு வருஷமாகத் தனக்கு மறுத்த அந்தச் சட்டியைப் பார்த்தது. பிரசவத்துக்கு நடுவில் கழுத்தை நீட்டிக் கஞ்சி கேட்ட மாட்டை நான் வேறு எங்கும் கேள்விப்பட்டதில்லை. அத்தை அந்த நேரத்திலும் சிரித்துவிட்டார். அது கழுத்தை எட்டி நீட்டி ஒரு முக்கு முக்கியது. கன்று வழுக்கிக்கொண்டு வைக்கோல் மேல் வந்து விழுந்தது.

மாமனார் அதன் வாயையும் மூக்கையும் துடைத்துவிட்டார். தாயைப் போலவே செவலை, நெற்றியில் மட்டும் விபூதி இட்டது போல ஒரு வெள்ளை. அது தும்மியது, தலையை ஆட்டியது. மாமனார் பின்காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கிடேரி" என்றார். நான் சட்டியைச் செவலைக்கு முன்னால் வைத்தேன். ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு அப்புறம்தான் அது பிள்ளையை நக்கப் போனது. பாவுக்குக் கஞ்சி போதாமல் எதிர்வீட்டு அம்மா தன் வீட்டில் காய்ச்சிக் கொண்டுவந்து தடவினார் என்று பிற்பாடு தெரிந்தது. ஒரு இழைகூட ஒட்டவில்லை.

மறுநாள் சீம்பாலில் வெல்லமும் ஏலக்காயும் போட்டுக் கிளறி, தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். வீட்டுக்கு எடுத்து வைக்கும்போது அத்தை ஒரு கிண்ணத்தைத் தனியாக நகர்த்தினார்.

"இதை யாரும் தொடாதீங்க. இது பெருமாளுக்கு" என்றார்.

நாங்கள் பரம்பரையாகச் சிவனைக் கும்பிடுகிறவர்கள். "நம்ம வூட்டுல பெருமாளுக்கு எதுக்குமா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கன்னுக்குச் சொந்தக்காரர் அவருதானே. போன வருசம் வைகாசி கருட சேவையில நேர்ந்துக்கினேன். பால்குடி மறந்ததும் கொண்டும்போய் வுட்டுடணும்."

"பெருமாள்கிட்ட போயா?"

"நம்ம சாமிகிட்ட எப்பவும் கேட்டுக்கினேதானே இருக்கோம். அவருக்கும் சலிச்சுப் போயிருக்கும். புதுசா கேட்டா குடுப்பாரேன்னு போனேன்."

என் வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. "எந்தக் கன்னை நேர்ந்துக்கினே?"

"எந்தக் கன்னையா? இந்தக் கன்னைத்தான். வேற எத்தினி கன்னு கட்டி வெச்சிருக்கே?"

"அது ஏற்கெனவே சிவன் கன்னும்மா" என்றார் அவர், அசடு வழிய. "நான் அதுக்கும் முன்னாடி பங்குனி உத்தரத்துலயே நேர்ந்துக்கினேன்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் பொத்துக்கொண்டு வந்தது. தோள் குலுங்குவதைப் பார்த்து, "நீ ஏம்மா அழுவறே?" என்றார் அத்தை. "அது அம்மன் கன்னு அத்தை" என்றேன்.

அப்புறம் நடந்த ரகளையை என்ன சொல்ல. யார் முதலில் நேர்ந்தார்களோ அவர்களுடைய சாமிக்குத்தான் என்றார் வீட்டுக்காரர், பங்குனி முதலில் வருவதால். பங்குனியில் கேட்டும் நிற்கவில்லையே, வைகாசியில் கேட்டவளுக்குத்தான் நின்றது என்றார் அத்தை. ஆடியில் நான் கேட்ட பிறகுதானே ஊசியே பலித்தது என்றேன் நான். "அப்போ ஊசி போட்ட டாக்டருக்கே குடுத்துடலாம்" என்று சொல்லி வீட்டுக்காரர் வாங்கிக் கட்டிக்கொண்டார். சிரித்துக்கொண்டே சண்டை போட்டாலும் உள்ளுக்குள் மூன்று பேருக்கும் பயம்தான். ஒரு சாமிக்குக் கொடுத்தால் இரண்டு சாமி குத்தம். அதைவிட, யாருக்குக் கொடுத்தாலும் கன்று எங்களிடம் இல்லை. அது அதற்குள் துள்ளப் பழகி, தறி வீட்டு வாசல் வரை வந்து எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தது.

மாமனார் இதையெல்லாம் கட்டிலில் உட்கார்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் விடிந்து பார்த்தால் ஆளைக் காணவில்லை. வேட்டி, துண்டு, மஞ்சப்பை எதுவும் இல்லை.

அத்தை தலையில் கை வைத்துக்கொண்டார். "அன்னிக்குச் சந்தையில வுடறேன்னாரே, இப்போ தாயையும் கன்னையும் சேர்த்து வித்துத் தொலைச்சா ரோதனை வுட்டுதுன்னு தரகரைக் கூப்பிடப் போயிருக்காரு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. தறிக்கட்டையை அறுத்தவர்தானே. அன்று முழுவதும் நான் கொட்டகை வாசலை விட்டு நகரவில்லை. யார் வந்தாலும் மாட்டைத் தொட விடுவதில்லை என்று மனசுக்குள் சண்டைக்குத் தயாராக நின்றேன்.

சாயங்கால பஸ் போன சற்று நேரத்தில், மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒருவர் வாசலில் வந்து நின்றார். மழமழவென்று முகம், கையில் மஞ்சப்பை. தரகர் என்று நினைத்து நான் முறைத்தேன். அத்தை வாசலுக்குப் போய், "யாருபா, யாரு வேணும்?" என்று கேட்டார்.

"உன்னைக் கட்டிக்கினவன்தான் வந்திருக்கேன், வழி வுடு" என்றார் மாமனார்.

உள்ளே வந்து பஞ்சாமிர்தத்தை எடுத்து வைத்தார். சொம்புத் தண்ணீரைக் குடித்து முடிக்கும் வரை நாங்கள் மூன்று பேரும் பேயறைந்தது போல அவர் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்புறம் அவரே சொன்னார். "பாதி சவரத்துல எழுந்து வந்தேன் இல்ல, அன்னிக்கு வர்ற வழியிலயே நேர்ந்துக்கினேன். இது சினை நின்னு நல்லபடியா கன்னு போட்டா திருத்தணியில முடி எறக்கறேன்னு. அதான் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

"விக்கப் போறேன், விக்கப் போறேன்னு சொல்லிக்கினே இருந்தீங்களே" என்றார் அத்தை.

"விக்கறவன் சொல்லிக்கினா இருப்பான்?" என்றார் மாமனார். பிறகு எங்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தார். "நான் என் தலையில மொளைச்சதை நேர்ந்துக்கினேன். நீங்க மூணு பேரும் அது வயித்துல மொளைச்சதை நேர்ந்துக்கினீங்க."

அவ்வளவுதான் சொன்னார். துண்டை உதறிக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். எங்களுக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்துக்குள்ளேயே எனக்கு ஒரு பெரிய ஆறுதல் வந்தது. மாட்டின் பிள்ளையை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. எங்களிடமே கொடுப்பதற்கு இருக்கிறது.

அத்தை இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை அவிழ்த்துப் பரண் மேல் போட்டார். அடுத்த கருட சேவை வரை வெற்றிலை தொடுவதில்லை என்று பெருமாளிடம் சொல்லிவிட்டார். அந்த ஒரு வருஷம் அவர் வாய்க்கு வேறு வேலை இல்லாததால் எங்களுக்குக் கிடைத்த அதட்டல் கொஞ்சநஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றார். கிராப்பை இந்தப் பக்கம் வாரினார், அந்தப் பக்கம் வாரினார். மறுநாள் அவரும் திருத்தணிக்குப் போய் மொட்டையோடு வந்தார். சிவனுக்குக் கொடுக்க வேண்டியதை மகனிடம் கொடுத்தாலும் அப்பாவுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. நான், என் அப்பா தன் கையால் நெய்து கொடுத்து, கட்டாமல் பெட்டியில் வைத்திருந்த கிளிப்பச்சைப் புடவையை எடுத்துக்கொண்டுபோய் அம்மனுக்குச் சாத்தினேன். மடிப்பைப் பிரிக்கும்போது மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அந்தப் பச்சையில் அம்மன் நின்ற அழகைப் பார்த்த பிறகு, அதை நான் கட்டியிருந்தால் இவ்வளவு எடுப்பாக இருந்திருக்காது என்று ஒத்துக்கொண்டேன்.

கன்று போட்ட சேதி கேட்டு, அடுத்த வாரம் என் தாய்மாமன் தாமலிலிருந்து ஒரு மூட்டை எள்ளுப் புண்ணாக்கோடு வந்து இறங்கினார். வீட்டில் இரண்டு மொட்டைகளைப் பார்த்துவிட்டு முதலில் பதறி, கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்போடேயே கொட்டகைக்குப் போனார். அங்கே மாமனார் குனிந்து கன்றுக்குக் கழுத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். செவலை அவருடைய மொட்டைத் தலையை நிதானமாக நக்கிக்கொண்டிருந்தது. முடி இறக்கி வந்த நாளிலிருந்து அதற்கு அது ஒரு பழக்கமாகிவிட்டது. கன்றை நக்கி முடித்ததும் அவரைத்தான் நக்கும். பக்கத்திலேயே நின்ற என் வீட்டுக்காரரின் மொட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எங்க மாட்டை மலடுன்னு விக்கப் பார்த்தீங்களாமே, சம்பந்தி" என்று மாமன் சீண்டினார். "வேணாம்னா சொல்லுங்கபா. தாயும் கன்னுமா இப்பவே தாமலுக்கு ஓட்டிக்கினு போயிடறேன்."

மாமனார் நிமிரவில்லை. நிமிர்ந்தால் செவலையின் நாக்கு விலகிப்போகும். குனிந்தபடியே, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"யாரு மாட்டை யாரு ஓட்டிக்கினு போறது?"

செவலை நக்கி முடிக்கும் வரை அவர் அப்படியே குனிந்திருந்தார். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம்.